ராக்கெட் குச்சி ஸ்வெட்டர்

என் தம்பி ஜெபசுந்தருக்கு மகன் பிறந்தபோது நான் திருத்தங்கலில் இருந்தேன், பிள்ளை கொடைக்கானலில் இருந்தது. என் கோபமெல்லாம் இதில்தான். தம்பி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் கட்டிக்கொண்ட பிரீத்தியும் அதே பள்ளியில் டீச்சர், பிறந்த வீடும் அங்கேயே. வேலை கிடைத்து மலை ஏறியவன் பெண்ணையும் அங்கேயே பார்த்துக்கொண்டான். தீபாவளிக்கு வருவான், வெடியை வாங்குவான், போய்விடுவான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏற்கனவே பதில் சொல்லி முடித்துவிட்டேன், இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் அத்தையாக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஆன பிறகுதான் பயம் வந்தது. பிள்ளைக்குப் பெரியம்மா பக்கத்துத் தெரு. நானோ போனில் தலை மட்டும் தெரிகிற ஒரு பொம்பளை. நாளைக்குக் கொஞ்சம் வளர்ந்து, என்னைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டுவிட்டால்? அந்த நினைப்பு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்தன்று பிள்ளை உடுத்துகிற வெள்ளை உடுப்பு அத்தை வாங்கியதாக இருக்க வேண்டும். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் முதல் வேலையாக விருதுநகர் பஜாருக்குப் போய், இருந்ததிலேயே நல்லதாக ஒன்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து தம்பிக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"நல்லா இருக்குக்கா. ஆனா ஜனவரில இங்கன குளிரு தாங்காது. மேல சொட்டரு போட்டாத்தான் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போக முடியும். பிரீத்தியோட அக்கா பின்னிக்கிட்டு இருக்காக."

"மேலன்னா? அப்ப உடுப்பு தெரியாதா?"

"கீள கொஞ்சம் தெரியும்."

பிரீத்தியின் அக்கா ஜாஸ்பின் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்தபோதே பார்த்தேன். பந்திக்குக் காத்திருக்கிற நேரத்திலும் பையிலிருந்து ஊசியை எடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். கையைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னினாள். அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஏலே, அந்தச் சொட்டரையும் நானே பின்னித் தாரேன். அவுகள நிறுத்தச் சொல்லு."

"உனக்குப் பின்னத் தெரியுமாக்கா?"

"யாரப் பாத்துலே கேக்க?"

நான் கேட்டதிலும் நியாயம் உண்டு. சரவெடிக்குக் கோர்ட்டு தடை போடுகிற வரைக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் பின்னல் ஷெட்டில் நான்தான் முதல் கை. சின்னச் சின்ன வெடிகளை இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் திரியைப் பிடித்து, நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கிச் சரமாக இறக்குவேன். ஆர்டர் நெருக்குகிற சீசனில் மற்றவர்கள் ஒரு சரம் முடிப்பதற்குள் நான் அடுத்ததில் பாதி வந்திருப்பேன். தடை வந்த பிறகு என்னைப் பெட்டி ஒட்டப் போட்டார்கள். ஆனால் கைக்கு மறக்கவில்லை. எதைப் பின்னினால் என்ன, பின்னல் பின்னல்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தம்பி அங்கே சொல்லியும் ஜாஸ்பின் நிறுத்தவில்லை. "பூரணியக்கா பின்னட்டும், நானும் பின்றேன். முடியலன்னா இது இருக்கட்டும்" என்றாளாம். முடியலன்னா. இந்த வார்த்தையை நான் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன்.

எங்கள் தெரு முனையில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஷாஹிதா என் கூட்டாளி. அவளிடம் போய் வெள்ளை உல்லன் நூல் கேட்டேன்.

"எதுக்கு பூரணி?"

"சொட்டரு பின்ன."

அவள் வெளியே எட்டி வெயிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தாள்.

"உக்காரு. மோரு குடிக்கியா?"

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவளுடைய நாத்தனார்கள் பற்றி எனக்குத் தெரியும், அதனால் ஏன் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டிகளை இறக்கினாள். வாசல் தோரணம் கட்டுகிற பச்சையும் ரோசும்தான் நிறைய இருந்தன. அடியிலிருந்து வெள்ளை நூல்கண்டுகளைத் தேடி எடுத்தாள். பின்னுகிற ஊசி மட்டும் இல்லை. மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், அடுத்த லோடில்தான் வரும் என்றாள். எனக்கு அதுவரைக்கும் பொறுக்காது.

நேராகக் கம்பெனிக்குப் போனேன். லீவு நாளிலும் போர்மேன் நாகையா அண்ணாச்சி அங்கேதான் இருப்பார். ராக்கெட்டில் கட்டுகிற குச்சியில் நேரானதாக நாலு கேட்டேன். மருந்து படாத வெறும் மூங்கில் குச்சி.

"எதுக்கும்மா?"

"சொட்டரு பின்ன."

"நம்ம ஊர்லயா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டு இழைத்து, ஒரு முனையைக் கூராக்கி, மறு முனையில் கண்ணிகள் என்கிற நூல் வளையங்கள் வழுக்கி விழாமல் இருக்க ரப்பர் துண்டைச் செருகினேன். பார்க்க அசல் ஊசிதான்.

வாத்தியாராக யூடியூபில் ஒரு சிம்லாக்காரி கிடைத்தாள். அவள் பேசியது இந்தி. ஷாஹிதா கல்யாணமான புதிதில் பம்பாயில் இருந்தவள், அதனால் கடையில் ஆள் குறைந்த மத்தியானங்களில் போனைக் கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைத்து, சிம்லாக்காரி சொல்லச் சொல்லத் தமிழில் எனக்குச் சொன்னாள். குச்சியில் கண்ணி ஏற்றுவது. ஏற்றிய கண்ணிக்குள் மற்றக் குச்சியை விட்டு, நூலைச் சுற்றி, புதுக் கண்ணியை வெளியே இழுப்பது. அவ்வளவுதான் பின்னல். இதற்குப் போய் அந்த ஜாஸ்பின் அம்புட்டு அலட்டு அலட்டினாளே என்று நினைத்தேன்.

முதலில் ஒரு சதுரம் பின்னினேன், பழகுவதற்கு. முடித்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். ஷாஹிதா எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் தட்டினாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"பூரணி, இது துணியா பலகையா?"

அந்தச் சதுரம் மடங்கவில்லை. நிறுத்தினால் நின்றது. ஷாஹிதா அதைச் சூடான பால் சட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள், மேசைக்குச் சூடு இறங்கவே இல்லை என்று பாராட்டு வேறு. அடுத்து ஒரு மப்ளர் ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் ஒரு சாண் அகலம் இருந்தது, போகப் போகக் கண்ணிகள் எனக்குத் தெரியாமலே கழன்று விழுந்து, முடிவில் இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சியது. அதைக் கடையில் தொங்கவிட்டிருந்தபோது ஆமத்தூர் மினிபஸ் டிரைவர் ஒருவர் கொடி என்று நினைத்துக் கண்ணாடிக்கு முன்னால் கட்ட வாங்கிப் போனார். மூன்றாவதாகப் பிள்ளைக்குக் குல்லா. அது ஷாஹிதா சாப்பிட வைத்திருந்த மாதுளம்பழத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

"எல்லாம் உன் கைதான்," என்றாள் ஷாஹிதா. "ஒரு கண்ணி போடுத, ஒடனே சுண்டி இளுக்க. போடுத, இளுக்க. அந்த அம்மா லூசா விடு, லூசா விடுன்னு தொண்டை கிளிய கத்துதாக."

அவள் சொன்ன பிறகுதான் என் கையை நானே பார்த்தேன். உண்மைதான். சரம் பின்னும்போது ஒவ்வொரு வெடிக்கும் நூலைச் சுண்டி இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் திரி தளர்ந்து, போர்மேன் சரத்தைத் தூக்கி உதறும்போது வெடி கீழே விழும். விழுந்தால் சரம் முழுவதும் கழிவு. அப்படிப் பழகிய கை என்னைக் கேட்காமலே இழுத்துக்கொண்டிருந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தோம். கோயில் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னினேன், பாட்டு ஏற ஏறக் கையும் இறுகியது. ஷாஹிதா அவள் நாத்தனார் கதைகளைச் சொன்னாள், சிரித்துச் சிரித்து இரண்டு கண்ணியை விட்டேன், மூன்றாவதை இழுத்து இறுக்கினேன். ஜாஸ்பின் ஞாபகம் வந்தால் கேட்கவே வேண்டாம், குச்சியையே கண்ணியிலிருந்து உருவ முடியாது.

கடைசியில் எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. இந்த வயதில் கையை மாற்ற முடியாது, குச்சியை மாற்றலாம் என்று தோன்றியது. மறுபடி நாகையா அண்ணாச்சியிடம் போய்ப் பெரிய ராக்கெட்டுக்குக் கட்டுகிற தடிக் குச்சி வாங்கி வந்தேன். தடிக் குச்சியில் நான் என்ன இறுக்கினாலும் கண்ணி குச்சியின் அளவுக்குத்தான் இறுகும், அதற்குக் கீழே போகாது. நாலு வரிசை பின்னிப் பார்த்தேன். துணி மடங்கியது. ஷாஹிதா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என் கன்னத்திலும் வைத்தாள். மெத்தென்று இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு, எதிரே ஜாஸ்பின் வந்திருந்தால்கூடச் சாப்பிட்டீகளா என்று கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு ஸ்வெட்டர் கிடுகிடுவென்று வளர்ந்தது. நேராக ஒரு வரிசை, மாற்றி ஒரு வரிசை என்று பின்னப் படித்தேன். கழன்ற கண்ணியைக் கொண்டை ஊசியால் கீழேயிருந்து ஏணி ஏற்றுகிற மாதிரி ஏற்றிக் கொண்டுவரப் படித்தேன். கைக்குழிக்குக் கண்ணியைக் குறைக்கப் படித்தேன். எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவிழ்ப்பதுதான். தப்பாகப் பின்னினால் நூலைப் பிடித்து இழுத்தால் போதும், எல்லாம் திரும்ப நூலாகிவிடுகிறது. வெடியில் அந்தப் பேச்சே கிடையாது. நான் சும்மாவே இரண்டு தடவை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன், அந்த அனுபவத்துக்காக.

நடுவில் கம்பெனி திறந்துவிட்டது. பஸ்ஸில் பின்னலாம் என்று கொண்டு போனேன். கேட்டில் பையைச் சோதித்தபோது பிடித்துக்கொண்டார்கள். உல்லன் உரசினால் பொறி வரும், உள்ளே விட முடியாது என்றார்கள். சட்டம் சரிதான், அதில் நான் சண்டை போடவில்லை. எல்லாரும் போனைக் கொடுத்துவிட்டுப் போகிற ஜன்னலில் நான் அரைகுறை ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வாங்க வரும்போது வாட்ச்மேன் அதன் கையைப் பிடித்துப் பார்த்து, "நேத்தைக்கு இன்னைக்கு வளந்துருக்கே" என்பார்.

அளவெல்லாம் தம்பி போனில் சொன்னதுதான். நெஞ்சு இவ்வளவு, கை இவ்வளவு, கழுத்து இவ்வளவு. எழுதிக்கொள்ளாமலே மனப்பாடமாகிவிட்டது. கடைசியாகக் கழுத்து ஓரத்தில் குச்சியில் நிற்கிற கண்ணிகளை அவிழாதபடி மூட வேண்டும். சிம்லாக்காரி ஒரு கண்ணியை இன்னொன்றின் மேல் தூக்கிப் போட்டு லேசாக மூடினாள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கோயிலில் எல்லாரும் பார்க்கிற நேரத்தில் கழுத்து அவிழ்ந்துகொண்டு வந்தால் என்ன ஆவது? அதனால் சரத்தின் கடைசி வெடிக்குப் போடுகிற முடிச்சு ஒன்று உண்டு, யார் இழுத்தாலும் அவிழாது, அதை ஒவ்வொரு கண்ணிக்கும் போட்டேன்.

"கொஞ்சம் சின்னதாத் தெரியுதே," என்றாள் ஷாஹிதா.

"பிள்ளைக் களுத்து எம்புட்டு இருக்கும்?" என்றேன். அளந்து பார்த்தோம். தம்பி சொன்ன அளவுக்கு நூல் பிசகாமல் இருந்தது. இரண்டு பேருக்கும் திருப்தி.

ஜனவரியில் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரீத்தி வீட்டில் எல்லாரும் பிள்ளையைச் சுற்றி நின்றார்கள். நான் வாங்கிய உடுப்பைப் போட்டுவிட்டார்கள். கட்டிலில் ஒரு பக்கம் ஜாஸ்பின் பின்னிய ஸ்வெட்டர் கிடந்தது. முன்பக்கம் திறந்து, குட்டிக் குட்டிப் பித்தான் வைத்து, மேலே இலை இலையாக வேலைப்பாடு. நன்றாகத்தான் இருந்தது, அதனாலேயே நான் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பையிலிருந்து என்னுடையதை எடுத்து விரித்தேன்.

"அக்கா, நிஜமாவே நீங்க பின்னினதா?" என்றாள் ஜாஸ்பின். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ரொம்ப சாஃப்டா இருக்கே."

இது போதும் என்றிருந்தது எனக்கு. இன்னும் நிறையச் சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பிரீத்தி பிள்ளையின் தலை வழியாக ஸ்வெட்டரை இறக்கினாள். உச்சி உள்ளே போனது. நெற்றியோடு நின்றுவிட்டது. இழுத்தாள். இறங்கவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை வெள்ளைக் கூடாரத்துக்குள்ளிருந்து வீல் என்று கத்தியது.

எல்லா அளவும் எடுத்திருந்தோம். கழுத்துக்குத் தலை வழியாகத்தான் போக வேண்டும் என்பது தம்பிக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, ஷாஹிதாவுக்கும் தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் என்று பெயர்.

கோயிலில் முதல் மணி அடித்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. தம்பி மெதுவாக, "அக்கா..." என்றான். நான் குனிந்து ஸ்வெட்டரைப் பிள்ளையின் தலையிலிருந்து கழற்றினேன். நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ரோஷமெல்லாம் போய்விட்டது. துக்கம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, பிள்ளை முதல் முதலாக என் கையால் அழுதிருக்கிறது.

"உங்களோடதப் போடுங்க ஜாஸ்பின்," என்றேன். "குளிருது பிள்ளைக்கு."

ஜாஸ்பின் அவளுடையதைத் தொடவில்லை. என் ஸ்வெட்டரை வாங்கிக் கழுத்து ஓரத்தை விரலால் தடவினாள். ஒரு முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"இது என்ன முடிச்சு? அசையவே மாட்டேங்குது."

"வெடி முடிச்சு."

"எதுக்குக்கா?"

"அவுந்துரக் கூடாதுல்ல."

அவள் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்படுவது தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, என்னிடம் கேட்கிற மாதிரி ஒரு தடவை பார்த்தாள். நான் தலையாட்டினேன். முடிச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, அதற்குக் கீழே ஒரு வரிசையை உருவினாள். கண்ணிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"இப்ப ஊசியில ஏத்தணும். என்னோடது ரொம்ப மெல்லிசு. நீங்க எதுல பின்னினீங்க?"

ராக்கெட் குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். அவள் முனையில் இருந்த ரப்பரைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், அப்போதுதான் வாய் விட்டுச் சிரித்தாள். பிரீத்தி பதறிப்போய், "மதினி, இதுல மருந்து இருக்குமா?" என்று கேட்டாள். தம்பி மட்டும் குச்சியை வாங்கி, இது எந்த ராக்கெட்டு என்று சரியாகச் சொன்னான். எங்கள் ஊர்க்காரன்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஜாஸ்பின் இரண்டு கண்ணி மூடிப் பார்த்தாள். அந்தத் தடிக் குச்சி அவள் கைக்கு அடங்கவில்லை. "நீங்களே மூடுங்கக்கா," என்று என்னிடம் தந்தாள். நான் முதல் கண்ணியைத் தூக்கிப் போட்டேன். உடனே என் கை சுண்டி இழுத்தது.

"லூசா."

"தெரியுது. கை கேக்க மாட்டேங்குதே."

அவள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். கண்ணிக்குள் தன் ஆள்காட்டி விரலை நுழைத்தாள். "இப்ப இழுங்க," என்றாள். இழுத்தேன். நூல் அவள் விரலில் போய் முட்டி நின்றது, அதற்கு மேல் இறுகவில்லை. விரலை எடுத்து அடுத்த கண்ணியில் வைத்தாள். நான் மூடினேன், இழுத்தேன். அவள் விரலை எடுத்து அடுத்ததில் வைத்தாள். கடைசிக் கண்ணிக்கு வருவதற்குள் அவள் விரல் சிவந்திருந்தது. இரண்டாவது மணி அடித்தபோது பிள்ளையின் தலை கழுத்து வழியாக ஒரு தடையும் இல்லாமல் வெளியே வந்தது. என்னை ஒரு மாதிரி பார்த்தான். இவள்தானா அது என்கிற பார்வை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஸ்வெட்டர் யார் பின்னியது என்று நாலைந்து பேர் கேட்டார்கள். "அவன் அத்தை, திருத்தங்கல்ல இருந்து," என்று ஜாஸ்பினே முந்திச் சொன்னாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "களுத்து மட்டும் பெரியம்மா," என்றேன்.

சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ஜாஸ்பின் அவளுடைய ஸ்வெட்டரை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயிறுக்கு இதப் போட்டு விடுங்க," என்றேன். "நல்லா இருக்கு. அந்த எலை எப்படிப் போட்டீக?"

"சொல்லித் தரேன். ஆனா ரெண்டுமே ரெண்டு மாசத்துல சின்னதாயிடும்க்கா. அடுத்தத யாரு பின்றது?"

நான் அதைக் காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன்.

"ஒடம்பும் கையும் நான் பின்னிருதேன். களுத்த மூட மாட்டேன், அப்படியே குச்சியில நிக்கும். நீங்க விரல வச்சாத்தான் மூட முடியும்."

"பார்சல்ல அனுப்புங்க, நான் மூடிடறேன்."

"பார்சல்ல வந்தா குச்சி உருவிரும். நீங்க அங்கன வரணும். பிள்ளையையும் தூக்கிட்டு வரணும், தலைய அளக்கணும்ல."

உள்ளேயிருந்து பிரீத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "ஸ்வெட்டர் போட்டுப் பாக்க விருதுநகர் வெயிலுக்கா மதினி?" என்றாள்.

ஜாஸ்பின் என்னையே பார்த்தாள். நர்ஸ் அல்லவா, எங்கே வலி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு மே மாசம்தான் லீவு கிடைக்கும்," என்றாள்.

"மே மாசமே வாங்க," என்றேன்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வத்தலக்குண்டு வருவதற்குள் குச்சியில் புதுக் கண்ணிகளை ஏற்றி இரண்டு வரிசை பின்னிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா யாருக்கு என்று கேட்டாள். தம்பி மகனுக்கு என்றேன். எப்போது முடியும் என்று கேட்டாள். அவன் எங்கள் வீட்டுக்கு வரும்போதுதான் முடியும் என்று சொன்னேன்.